வாசித்துக் காட்டாத ஏழாவது பத்தி

சென்ற மாதம் ஓய்வூதியக் காகிதம் ஒன்றில் கையெழுத்து வாங்க நம் வக்கீல் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் மேஜையில் வழவழப்பான விளம்பரப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்திருந்தார். கடல், நீச்சல் குளம், பால்கனியில் காபி குடிக்கும் ஜோடி. வெளிநாட்டில் வீடு. வருடத்தில் இரண்டு வாரம் நாம் போய்த் தங்கலாம், மற்ற நாளெல்லாம் அவர்களே வாடகைக்கு விட்டுப் பணத்தை அனுப்பிவிடுவார்களாம். நம் கட்சிக்காரர் ஒருவர் வாங்கப்போகிறார். “இதுல என்ன ரிஸ்க் இருக்கு மேடம்?” என்று அந்தப் பிள்ளை கேட்டது. நான் பதில் சொல்ல ஆரம்பித்து, டீ ஆறி, என் ரயிலும் போய்விட்டது. சொல்லி முடிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்று தெரியும். யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது அவர்கள் எதையும் விடாமல் வாசிக்கிறார்களா என்றும் பாருங்கள். இந்தக் கதையே அதைப் பற்றியதுதான்.

அந்த நாட்டுச் சட்டம், வரி, நாணய மதிப்பு இதெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். நான் மாட்டுங்காவிலிருந்து குர்லாவில் வண்டி மாறி வந்து தட்டச்சு செய்தவள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தூரத்தில் வீடு வாங்குகிறவருக்கு அந்த வீட்டு வாசலில் தனக்குப் பதிலாக நிற்க ஒரு ஆள் வேண்டும். வீடு நல்ல வீடா என்று ஆயிரம் பேரிடம் விசாரிப்பார்கள். அந்த ஆளை மட்டும் விசாரிக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர் எப்போதும் சொந்தக்காரராகவோ ஊர்க்காரராகவோ இருப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இந்தப் பம்பாயில் காற்று எதிர்த்திசையில் அடித்தது. நம்மவர்கள் வெளிநாட்டில் வாங்கவில்லை, வெளிநாட்டில் வேலை பார்த்த நம்மவர்கள் இங்கே வாங்கினார்கள். வளைகுடாவிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார்கள். தாராவியில் ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் மனைவி மக்களை நாற்பது நாளாவது காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று செம்பூரில் ஒரு ஃபிளாட். திரும்பிப் போனதும் அதை வாடகைக்கு விடுவது. கணக்கு சரியாகத்தான் இருக்கும். பாண்டுப் பக்கத்து ஆள் ஒருவர் அப்படி விட்டுவிட்டு அடுத்த லீவில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார். குடியிருந்தவர் கதவைப் பாதி திறந்து, “கேஸ் போட்டுக்கோங்க” என்று சொல்லி மூடிவிட்டார். பாவம், தன் வீட்டுக்கு எதிர்த்த லாட்ஜில் ரூம் எடுத்து, ஜன்னல் வழியாகத் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டே லீவைக் கழித்தார். இன்று சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்று அவர் மனைவி எங்கள் ஆபீஸில் உட்கார்ந்து அழுத அழுகையில் யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. என் தவற்றைச் சொல்ல வந்தேன்.

அப்போது ஆபீஸ் செம்பூர் ஸ்டேஷன் அருகே ஒரு மாடியில் இருந்தது. வக்கீல் ஒருவர், நான், ஒரு குமாஸ்தா. வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்த வக்கீல்தான். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. ‘பவர்’ என்று எல்லோரும் சொல்லும் அதிகாரப் பத்திரம் அடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பழைய கோப்பு ஒன்றில் ஒரு மில் முதலாளி லண்டன் போகும்போது தன் மேனேஜருக்கு எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. பதினான்கு பத்தி. பெயரையும் முகவரியையும் மாற்றி, அடித்தல் திருத்தல் இல்லாமல், நாலு கார்பன் பிரதியோடு அரை மணியில் எடுத்துவிடுவேன்.

முகைதீன் வந்தது ஒரு சனிக்கிழமை மதியம். ஷார்ஜாவில் கிரேன் ஓட்டுகிறவர். திருநெல்வேலிக்குத் தெற்கே கடலோரத்து ஊர். மனைவி ஜுலைகாவும் எட்டு வயது மகளும் தாராவியில், ஜுலைகாவின் அக்காள் வீட்டு மாடியில் இருந்தார்கள். அக்காள் கணவர் சிக்கந்தருக்கு அங்கே தோல் பை தைக்கும் பட்டறை. முகைதீன் செம்பூரில் இரண்டு அறை ஃபிளாட் வாங்கியிருந்தார். சகலை சிக்கந்தர் பெயருக்குப் பவர் எழுத வேண்டும். அன்று சாயங்காலமே விமானம்.

அடித்து முடித்துக் கொடுத்தேன். முகைதீன் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

“அக்கா, நமக்கு இங்கிலீஷ் ஓடாது. என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லிருங்க.”

சனிக்கிழமை அரை நாள். கீழே நோட்டரி கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பசி. “வீட்ட வாடகைக்கு விடலாம், வாடகைய வாங்கலாம், சொசைட்டிக்குப் பணம் கட்டலாம், கரண்ட் ஆபீஸ்ல கையெழுத்துப் போடலாம். மத்ததெல்லாம் வழக்கமாப் போடறதுதான்” என்றேன்.

“வேற ஒண்ணும் இல்லல்லா?”

“இல்லை.”

ஏழாவது பத்தி, வீட்டை எந்த விலைக்கும் யாருக்கும் விற்கலாம், பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம், பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம் என்று சொன்னது. மில் முதலாளிக்கு அது தேவையாக இருந்திருக்கும். கிரேன் ஓட்டுகிறவருக்கு எதற்கு என்று நான் யோசிக்கவே இல்லை. அவர் கையெழுத்துப் போட்டார். கீழே, ‘மேற்கண்டவை முழுவதும் தமிழில் வாசித்துக் காட்டி விளக்கப்பட்டன’ என்ற வரிக்கு அடியில் நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்றேகால் வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை சீனிவாசன் என்பவர் ஒரு கோப்போடு வந்தார். மாட்டுங்கா கோயிலில் பார்த்துப் பழகிய முகம். வங்கியில் வேலை, ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது, குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். செம்பூரில் ஒரு ஃபிளாட் அமைந்திருக்கிறது, குடியிருந்தவர்களும் காலி செய்துவிட்டார்கள், காகிதத்தைச் சரிபார்த்துச் சொன்னால் போதும் என்றார்.

“பவர் உங்க ஆபீஸ்லயே போட்டதாமே. சிக்கந்தர் பாயே சொன்னார், அங்கேயே காட்டுங்கோன்னு. வெள்ளிக்கிழமை கார்த்தால பத்து மணிக்கு இங்கேயே வச்சுண்டிருக்கோம். பத்தரைக்கு ராகு காலம் வந்துடும். அதுக்குள்ள கையெழுத்து ஆயிடணும்மா.”

பிரித்துப் பார்த்தேன். என் தட்டச்சு. மூன்றாம் பக்கத்தின் அடியில் என் கையெழுத்து. முகைதீனின் பவர்; ஏழாவது பத்தியைத் திருப்பிப் படித்தேன்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. பவர் செல்லும், குடியிருப்போர் சொசைட்டி கொடுத்த பங்குச் சான்றிதழ் இருக்கிறது, அவர்களுக்கு ஆட்சேபமும் இல்லை. முகைதீனே விற்கச் சொல்லியிருக்கலாம். அப்படியிருந்தால் நான் சந்தேகப்படுவது ஒரு குடும்பத்தையே அவமானப்படுத்துவது. சொல்லாமல் இருந்தால் என் ஒரு வார்த்தையால் ஒருவருடைய வீடு போகிறது. பார்த்துச் சொல்கிறேன் என்று சீனிவாசனை அனுப்பிவிட்டு ஷார்ஜாவுக்குத் தந்தி எழுத உட்கார்ந்தேன். முகைதீனுக்கு ஃபோன் கிடையாது, கம்பெனி முகவரிதான். தந்தியை வேறு யாராவது பிரித்துப் படிப்பார்கள். ‘மோசடி’ என்ற சொல்லை எழுதி அடித்தேன். ‘உங்களுக்குத் தெரியுமா’ என்று எழுதி அதையும் அடித்தேன். கடைசியில், ‘உங்கள் பவர் மூலம் ஃபிளாட் விற்பனை வெள்ளிக்கிழமை. உறுதி செய்யவும்’ என்று மட்டும் அனுப்பினேன்.

வக்கீல் ஒரு வழக்குக்காக நாக்பூர் போயிருந்தார். புதன்கிழமை காலையில்தான் டிரங்க் கால் கிடைத்தது. ஒரே இரைச்சல்.

“காகிதம் சரியா இருக்கா?”

“இருக்கு சார்.”

“அப்புறம் உனக்கு என்ன? நீ என்ன போலீஸ்காரியா?”

லைன் போய்விட்டது. நான் வாசித்துக் காட்டவில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல நேரமும் இருந்தது. வாய் வரவில்லை. முதல் தவறு அவசரத்தில் செய்தது. இதை வேண்டுமென்றே செய்தேன், பயத்தால்.

மதியம் தாராவிக்குப் போனேன். சிக்கந்தர் பட்டறையில் இருக்கிற நேரம். ஜுலைகா மாடியில் தனியாக இருந்தாள். அறை முழுக்கப் புதுப் பாத்திரங்களும் ஜரிகைத் துணியும்.

“வாங்கக்கா. ஷார்ஜாவுல இருந்து ஏதும் சேதியா?” அவள் முகம் வெளுத்துவிட்டது.

“இல்லம்மா. இந்தப் பக்கம் வந்தேன், சொசைட்டி ரசீது ஒண்ணு பாக்கணும்.”

“அதெல்லாம் மச்சான் கையிலதான் இருக்கு. எனக்கு என்ன தெரியும்.”

யாருக்குக் கல்யாணம் என்று கேட்டேன்.

“லாத்தா மவளுக்கு” என்றாள், அக்காள் மகளைத்தான் அப்படிச் சொன்னாள். “ஊர்ல மாப்பிள்ள பாத்தாச்சு. எங்க ஊர்ல பொண்ணு மாப்பிள்ள ஊட்டுக்குப் போவ மாட்டா, மாப்பிள்ளதான் பொண்ணு ஊட்டுக்கு வருவாவ. அதனால பொண்ணு பேருல ஒரு ஊடு இருக்கணும். ஊடு இல்லன்னா நிக்காஹ் இல்ல.”

“வீடு கட்டியாச்சா?”

“சொவரோட நின்னு கெடந்துச்சு. இப்பத்தான் மச்சானுக்கு என்னமோ வழி பொறந்திருக்காம். அடுத்த வாரம் ஊருக்குப் போறாவ.”

“உன் பொண்ணுக்கு?”

“அவளுக்கு என்ன கொற? செம்பூர் ஊடு அவளுக்குத்தான். அவ வாப்பா அத்தன வெயில்ல உசரத்துல உக்காந்து சம்பாரிச்சது. அவ மட்டும் நிம்மதியா ஒரு ஊட்டுல இருக்கணும்னு லெட்டர்ல எழுதுவாவ.”

அவள் போட்டுக் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிக்கந்தருக்கு வழி எங்கே பிறந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. தன் மகளுக்குக் கொடுக்க வேண்டிய வீட்டை, சகலை மகளின் வீட்டை விற்றுக் கட்டப்போகிறார். அவளிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பவரை ரத்து செய்ய அவளுக்கு அதிகாரம் இல்லை. கீழே அக்காள், மேலே தங்கை. விளக்கு வைப்பதற்குள் அந்த வீடு இரண்டாகியிருக்கும், வெள்ளிக்கிழமை விற்பனை அப்படியே நடந்திருக்கும். ரசீது பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். படியிறங்கும்போது கால் வழுக்கியது, நல்லவேளை விழவில்லை.

வியாழக்கிழமை முழுவதும் தந்தி ஆபீஸ் சைக்கிள் மணிக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே இருவரும் வந்துவிட்டார்கள். சீனிவாசன் ஒப்பந்தத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார். சிக்கந்தர் வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, முகத்தில் நல்ல சிரிப்பு. “ஜும்மாவுக்கு முன்னாடி முடிஞ்சிரும்லா மேடம்? எல்லாம் பக்காதான, உங்க ஆபீஸ் காகிதந்தான” என்றார். ஒரு திருடன் பத்திரம் எழுதிய ஆபீஸுக்கே வந்து உட்கார மாட்டான். தான் செய்வது தப்பு என்று அவர் நினைக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

மணி பத்து. என் மூளை வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன், நீங்களும் ஒருநாள் இப்படி யோசிப்பீர்கள். அரை மணி இழுத்தால் ராகு காலம் வந்துவிடும். சீனிவாசன் பேனாவைத் தொட மாட்டார். பன்னிரண்டுக்கு ராகு காலம் முடியும்போது சிக்கந்தர் தொழுகைக்குக் கிளம்பிவிடுவார். மதியத்துக்குள் தந்தி வந்துவிடலாம். பொய்கூடச் சொல்ல வேண்டாம், ஒரு எழுத்துப் பிழை போதும். “சார், ரெண்டாம் பக்கத்துல பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு, மாத்தி அடிச்சுத் தரேன்” என்று சொல்லிக் காகிதத்தை வாங்கி மெஷினில் சொருகிவிட்டேன்.

குமாஸ்தா என்னைப் பார்த்தார். பிழை எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியும். நான் விசையில் விரலை வைத்தேன். மறுபடியும் தட்டச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாயா என்று என் மனமே என்னைக் கேட்டது. காகிதத்தை உருவிக்கொண்டு எழுந்து வந்தேன்.

“சார், பிழை ஒண்ணும் இல்லை. கையெழுத்துக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லியாகணும். இந்தப் பவர்ல முழுக்க வாசிச்சுக் காட்டினதா நான் எழுதியிருக்கேன். வாசிக்கலை. விக்கற அதிகாரம் இருக்குன்னு முகைதீன் பாய்கிட்ட நான் சொல்லவே இல்லை. வேற எதுவும் இல்லையேன்னு கேட்டார், இல்லைன்னேன். நாளைக்கு அவர் கோர்ட்டுக்குப் போனா, கூண்டுல ஏறி இதைத்தான் சொல்லுவேன்.”

சீனிவாசன் பவரைக் கையில் எடுத்தார். பிறகு மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். “அப்போ இது பொய்க் கையெழுத்தா?”

“கையெழுத்து என்னோடதுதான் சார். அதுக்கு மேல இருக்கற வரிதான் பொய்.”

“மேடம், நான் என்ன களவாணியா?” என்றார் சிக்கந்தர். குரல் உயரவில்லை.

“அப்படிச் சொல்லலை பாய். அவருக்குத் தெரியுமா?”

தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தோற்றிருப்பேன். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. “சகலைதான மேடம். பொறவு சொல்லிக்கிடலாம். அவர் புள்ளைக்கு இன்னும் பத்து வருசம் கெடக்கு, அதுக்குள்ள இதவிட நல்ல ஊடா வாங்கிக் குடுத்துருவேன். எம்புள்ளைக்கு அடுத்த மாசம் நிக்காஹ்.”

சீனிவாசன் பேனாவை மூடினார். மஞ்சள் தடவிய காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “நான் ரிட்டயர் ஆகப் போறவன். இந்த வயசுல கோர்ட்டு வாசல்ல நிக்க என்னால ஆகாது” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மணி பத்து இருபது.

சிக்கந்தர் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “ஒரு பொண்ணு நிக்காஹ நிறுத்திட்டிய மேடம். நல்லா இருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் என்னால் ஒரு வரி நேராக அடிக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் தந்தி வந்தது. ‘விற்பனை என் சம்மதத்துடன்தான். சிக்கந்தருக்கு எல்லா உதவியும் செய்யவும். முகைதீன்.’

அதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. ஒரு நல்ல மனிதரைப் பத்துப் பேர் நடமாடும் இடத்தில் திருடனாக்கிவிட்டேன். வக்கீலுக்குத் தெரியாமல் ஆபீஸ் மானத்தை வாங்கிவிட்டேன். ஒரு கல்யாணத்தை நிறுத்திவிட்டேன். எல்லாம் ஒன்றுமில்லாததற்காக.

திங்கட்கிழமை வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இந்தமுறை எதையும் மறைக்காமல். அவர் திட்டியது ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். திட்டி முடித்து, தண்ணீர் குடித்துவிட்டு, தந்தியைக் கையில் எடுத்தார். “தந்தி கையெழுத்து ஆகாது. சம்மதம்னா கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் அனுப்பட்டும், நாமளே வித்துக் குடுப்போம்” என்றார். அன்றே ஷார்ஜாவுக்குத் தமிழில் கடிதம் போனது. பதில் வரவில்லை. இன்னொன்று போட்டோம். அதற்கும் வரவில்லை.

அதோடு விடவில்லை அவர். நான் ‘வாசித்துக் காட்டிய’ பவர் பிரதிகளையெல்லாம் பீரோவிலிருந்து எடுத்து என் மேஜையில் அடுக்கினார். ஒவ்வொருவருக்கும் அவரவர் பவரில் என்னென்ன இருக்கிறது என்று தமிழில் கடிதம் எழுதச் சொன்னார், தட்டச்சில் அல்ல, கையால். அந்த மழைக்காலம் முழுவதும் எழுதினேன். சிலர் சரி என்றார்கள். சிலர் பதறியடித்துக்கொண்டு ரத்து செய்தார்கள்.

முகைதீன் லீவில் வர எட்டு மாதம் ஆயிற்று. ஜுலைகாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன், சம்மதம் இருந்தது தெரியாமல் கெடுத்துவிட்டேன் என்றேன்.

“சம்மதம் எங்கக்கா இருந்துச்சு?” என்றார். “உங்க தந்தியக் கம்பெனி கிளார்க்குதான் பிரிச்சாரு. எங்க ஊர்க்காரரு. கேம்ப்புல பாதிப் பேரு எங்க ஊர்தான். ‘என்ன முகைதீன், வீட்ட விக்கியா’ன்னு எல்லாரு முன்னாடியும் கேட்டாரு. எனக்கு அப்பத்தான் தெரியும். தெரியாதுன்னு சொன்னா எங்க சகலை களவாணின்னு ஊர் பூரா ஆயிரும். ஆமா, நாந்தான் விக்கச் சொன்னேன்னுட்டேன். அப்படியே உங்களுக்கும் அடிச்சேன்.”

“அப்போ எங்க லெட்டருக்கு ஏன் பதில் போடலை?”

“வாய் சொல்லிருச்சு. கை வரலக்கா.”

ராகு காலம் வரை இழுத்திருந்தால், தந்திக்காகக் காத்திருந்தால், அது வந்திருக்கும். நானே நல்ல நேரம் பார்த்து விற்றுக் கொடுத்திருப்பேன். அவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார். வீடு தப்பித்ததே என்று சொல்லப் போனேன். அவர் முகத்தில் அந்த நிம்மதி இல்லை.

“சகலை மவ நிக்காஹ் நின்னு போச்சு. மாப்பிள்ள வீட்ல வேற எடம் பாத்துட்டாவ. புள்ள வெளிய வர மாட்டேங்குது. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே வித்துக் குடுத்திருப்பேன். எம்புள்ள சின்னப் புள்ள, பொறவு பாத்துக்கிடலாம். அவரும் கேக்கல. பவர் எழுதுன அன்னைக்கு நீங்களும் கேக்கல.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு, பழைய பவரை ரத்து செய்து ஜுலைகா பெயரில் புதிதாக எழுதச் சொன்னார். அடித்தேன். இருவரையும் உட்காரவைத்து ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் வாசித்தேன். விற்கிற அதிகாரம் வந்ததும் நிறுத்தி, “இது தேவையில்லைன்னா எடுத்துடறேன்” என்றேன். ஜுலைகா அவரைப் பார்த்தாள். அவர் யோசிக்கவே இல்லை. “இருக்கட்டும். இவ எங்கிட்ட கேப்பா” என்றார்.

ஆகவே, விளம்பரப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைக்குச் சொல்கிறேன். உங்கள் கட்சிக்காரர் வாங்கப்போகும் வீட்டுக் காகிதத்திலும் ‘வழக்கமாகப் போடுவது’ நிறைய இருக்கும். வாடகைக்கு விடுகிறவர்களுக்கு அதில் என்னென்ன அதிகாரம் என்று வரி வரியாக அவர் மொழியில் சொல்லுங்கள். அவர் கொட்டாவி விட்டாலும் சொல்லுங்கள். சாப்பாடு ஆறினாலும் பரவாயில்லை. சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள். கேட்பதால் வரும் சங்கடம் அன்றோடு போய்விடும்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. முகைதீன் அதற்குப் பிறகும் மூன்று நான்கு லீவுகளில் ஆபீஸுக்கு வந்தார். மகளின் படிப்பைப் பற்றிப் பேசுவார், பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுப்பார். சிக்கந்தர் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று ஒவ்வொரு தடவையும் கேட்க நினைத்தேன். ஒரு தடவையும் கேட்கவில்லை.